போனுக்குள்ளே எட்டுக் கோழி

வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினால் தாய்மாமன் ஆனவன் சிரித்த முகமாக வாங்கிக்கொள்ள வேண்டும். இளம்பிள்ளைச் சந்தோஷ்குமாரும் வாங்கிக்கொண்டான். வெற்றிலையை எடுத்தான், பாக்கை எடுத்தான், வாழைப்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு உள்ளே போய், சோப்பு டப்பா அளவில் ஒரு பழைய கேம் மெசினைக் கொண்டுவந்து, காலித் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுக்குள்ள என்ற பண்ணை இருந்துச்சுங்க மாமா. இருந்த மாதிரியே கொண்டாங்க. கொண்டாந்தா காதுகுத்துக்கு வாரேன்."

தட்டும் கையுமாக நின்ற மோகன்குமாருக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. நாமக்கல்லில் நாற்பதாயிரம் கோழி வளர்க்கிற ஆள் அவன். அக்கா புருஷன் வேறு. அவனிடம் ஒரு பொடியன் இப்படிப் பேசலாமா என்று கேட்டால், பேசலாம். தப்பு முழுக்க மோகன்குமார் மேல்தான்.

பதினோரு வருசத்துக்கு முன்னால், கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், புது மாப்பிள்ளையாக இதே வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தான். மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளைக்கு என்ன வேலை? சாப்பிடுவது, உட்காருவது, மறுபடி சாப்பிடுவது. இன்னொரு கரண்டி கறிக்குழம்பு ஊத்தட்டுங்களா? ஆமாங்க. தோசை? ஆமாங்க. ஃபேனைக் கூட்டட்டுங்களா? ஆமாங்க. எதையும் வேண்டாமென்று சொல்லிவிடாதே, குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவன் அம்மா காதில் ஓதி அனுப்பியிருந்தாள். மத்தியானம் பொழுது போகாமல், டீவி பக்கத்தில் கிடந்த இந்த மெசினைக் கையில் எடுத்தான். உள்ளே ஏதோ பண்ணை விளையாட்டு. முதலில் கண்ணில் பட்டதை அழுத்தினான், ஒரு முள்ளங்கி நட்டான், கொட்டாவி விட்டான். அணைக்கப் போனபோது மெசின் கேட்டது, பழைய ஆட்டத்தின் மேலேயே இதைச் சேமித்துவிடட்டுமா என்று. மாமனார் வீட்டு மெசின், மரியாதையாக வேறு கேட்கிறது. மாப்பிள்ளை ஆமாங்க என்று அழுத்திவிட்டார்.

அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த சந்தோஷ்குமாரின் இரண்டு வருசத்துப் பண்ணை அடியோடு போய், ஒரு முள்ளங்கி மட்டும் மிஞ்சியது.

சரி, அது போகட்டும். போனதை வாயை மூடிக்கொண்டு விட்டிருந்தாலாவது இத்தனை வருசத்தில் ஆறியிருக்கும். இவனுக்கு வாய் சும்மா இருக்காதே! இன்றைக்குப் பத்திரிகை கொடுக்க வந்த இடத்தில், பங்காளிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், "என்ன மாப்ள, இன்னும் அந்தக் கோழியவே நெனச்சு மொகத்தத் தூக்கி வெச்சிருக்கறயா? என்ற ஷெட்டுல இருந்து ஒரு லோடு ஏத்தி உடட்டுமா?" என்று கேட்டான். கூடமே கொல்லென்று சிரித்தது. சந்தோஷ்குமார் சிரிக்கவில்லை. தட்டில் மெசின் வந்தது அதற்கப்புறம்தான்.

மதுமதி அந்த நேரம் சமையல்கட்டில் தன் அம்மாவோடு இருந்தாள். திரும்பி வரும்போது காரில் கேட்டாள்.

"தம்பி என்னுங்க சொன்னான்?"

"வாரேன்னு சொன்னான்," என்றான் மோகன்குமார். பொய்யில்லை. பாதிதான்.

வண்டியை ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தான். மகள் நித்யஸ்ரீக்கு இப்போது ஐந்து வயசு. ஒற்றைப்படை வயசில்தான் காது குத்துவார்கள். ஒன்றில் குத்த நினைத்தபோது ஊரடங்கு. மூன்றில் நினைத்தபோது பங்காளி வீட்டில் சாவு. இப்போது விட்டால் ஏழு. ஏழு வயசுப் பெண்ணுக்கு மொட்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அது ஆயுசுக்கும் பெற்றவர்களை மன்னிக்காது. தாய்மாமன் மடி இல்லாமல் குத்தவும் முடியாது. மதுமதிக்குக் கூடப் பிறந்தது இவன் ஒருத்தன்தான். ஒன்றுவிட்ட மாமனை உட்கார வைத்தால் குலதெய்வம் பொறுத்துக்கொண்டாலும் சொந்தக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள். சித்திரை பிறந்து நாலு நாள். காதுகுத்து வைகாசியில். கையில் இருப்பது நாற்பது நாள்.

மறுநாளே சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அர்பாஸிடம் மெசினைக் கொண்டுபோனான். அர்பாஸ் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தான்.

"பேட்டரி உப்பி வெடிச்சிருக்குண்ணே. இந்த மெசின் செய்யறதைக் கம்பெனியே நிறுத்தி ரொம்ப வருசமாச்சு, பார்ட்ஸ் கிடைக்காது. கேசட் நல்லா இருக்கு. ஆனா கேசட்டுக்குள்ளயும் ஒரு குட்டி பேட்டரி உண்டு, அதுவும் செத்துப்போச்சு. பழைய ஆட்டம் எதுவும் இதுல இல்ல."

"முள்ளங்கியுமா?"

"என்ன முள்ளங்கிண்ணே?"

"ஒண்ணுமில்ல. இப்ப என்ன பண்றது?"

அர்பாஸ் கேசட்டில் இருந்த விளையாட்டை ஒரு சின்னப் பெட்டி வைத்து உறிஞ்சி, மோகன்குமாரின் போனில் ஏற்றினான். எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். போன், நான்தான் அந்தப் பழைய மெசின் என்று சொல்லி நடிக்குமாம். விளையாட்டும் அதை நம்பிக்கொண்டு ஓடுமாம். நம்ம ஊர் அரசியல் மாதிரிதான். திரையில் அதே பண்ணை, அதே ஓட்டு வீடு, கீழே பொத்தான்கள்கூடப் படமாக வந்தன.

"வேகமா ஓட்டற பட்டன் இது. ஒரு நாளை ஒரு நிமிசத்துல ஓட்டிரலாம். அப்பறம் இது ஒண்ணு இருக்குண்ணே, எந்த எடத்துல நிக்கறீங்களோ அதை அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். ஏதாச்சும் தப்பாச்சுன்னா அங்க திரும்பிப் போயிரலாம். தெனமும் ஒண்ணு போட்டு வைங்க."

"நேத்தைக்குத் திரும்பிப் போறதா? கோழிப் பண்ணையில ஏதப்பா நேத்து? செத்தது செத்ததுதான். அதெல்லாம் கள்ளாட்டம், எனக்கு வேண்டாம்," என்றான் மோகன்குமார். எங்கே ஆமாங்க சொல்லியிருக்க வேண்டுமோ அங்கே சொல்லவில்லை. சில பேருக்கு வாய்க்கிற புத்தி அப்படி.

சந்தோஷ்குமார் ஒரு நோட்டுத் தாளும் கொடுத்திருந்தான். நாமக்கல்லில் ஒரு பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்தபோது கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தது. விளையாட்டுக் கணக்கில் நாலு வருசம் முடிந்திருக்க வேண்டும். எட்டுக் கோழி. எட்டுக்கும் பத்துப் பத்து இதயம். அதாவது கோழிக்கு நம்மேல் இருக்கிற பாசத்தை இதயம் போட்டுக் காட்டுமாம். தினமும் தீனி வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கித் தடவிக் கொடுத்தால்தான் இதயம் ஏறும். கோழிகளுக்குப் பேரும் எழுதியிருந்தது. வார்டன், உப்புமா, ரெக்கார்டு நோட்டு, ஸ்டடி ஹவர் என்று ஏழு கோழிகள் ஹாஸ்டல் வகையறா. எட்டாவது மட்டும் மதி.

மோகன்குமாருக்குச் சிரிப்பு வந்தது. கோழிக்குப் பேரா? அவன் ஷெட்டில் பேட்ச் நம்பர் உண்டு, பேர் கிடையாது. கோழியைத் தூக்குவது என்றால் தடுப்பூசி போட ஒரு தடவை, லாரியில் ஏற்ற ஒரு தடவை.

இப்படித்தான் அந்தச் சித்திரை மாதம் தொடங்கியது. வெளியே வெயில் கொளுத்துகிறது, கோழிகளுக்கு மேலே தண்ணீர் தெளிக்கிற குழாய் காலை பத்து மணிக்கே ஓடுகிறது. உள்ளே பண்ணை ஆபீஸ் அறையில் முதலாளி தலையைக் குனிந்துகொண்டு வார்டனைத் தூக்குகிறான், தடவுகிறான், இறக்கி விடுகிறான். உப்புமாவைத் தூக்குகிறான், தடவுகிறான், இறக்கி விடுகிறான். முதல் வாரம் எரிச்சலாக வந்தது. ஒரு கோழிக்கு ஒரு பிடி தீனி என்று விளையாட்டு சொன்னதைப் பார்த்து, "மக்காச்சோளம் எத்தனை, சோயா எத்தனைன்னு சொல்லாம என்னடா பண்ணை நடத்துறீங்க? கிளிஞ்சல் போடாம முட்டை ஓடு எப்படிடா கெட்டியாகும்?" என்று போனைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

இரண்டாவது வாரம், ரெக்கார்டு நோட்டு மழையில் வெளியே நின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு இதயம் குறைந்தது. மோகன்குமாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம், கதவைத் திறந்ததும் மதி ஓடிவந்து காலடியில் நின்றது. அட சாமி, என்னைத் தெரிகிறதே இதுக்கு! நாற்பதாயிரம் கோழியில் ஒன்றுகூட இவன் முகத்தைப் பார்த்து ஓடிவந்ததில்லை. அன்றைக்கு வேகமாக ஓட்டுகிற பட்டனைத் தொடாமல், மெதுவாகவே தடவிக் கொடுத்தான்.

மதுமதி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிடும்போது போன், குளிக்கப் போகும்போது போன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, ரம்மி ஆடறீங்களா? உண்மையச் சொல்லிப்போடுங்க. தோட்டத்த வெச்சு ஆடி அழிஞ்சவங்களை நான் பாத்திருக்கறனுங்க."

"அட, ரம்மியெல்லாம் இல்ல கண்ணு."

"அப்பறம் எதுக்கு நான் வந்தா மறைக்கறீங்க? கொண்டாங்க இங்க."

போனைப் பிடுங்கிப் பார்த்தாள். எட்டுக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டி, மதிக்குத் தீனி வைத்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். ரம்மி இல்லை என்ற நிம்மதி என்று மோகன்குமார் நினைத்துக்கொண்டான்.

காதுகுத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நாலு வருசம் முடிந்தது. எட்டுக் கோழிக்கும் பத்து இதயம். தாளோடு ஒத்துப் பார்த்தான், எல்லாம் சரி. நாளைக்கு இளம்பிள்ளைக்குப் போய்க் காட்டிவிட வேண்டியதுதான். அந்தச் சந்தோசத்தில் இருந்தபோதுதான் இரண்டாம் ஷெட்டில் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. அந்த வெயிலில் அரைமணி நேரம் தண்ணீர் நின்றாலும் கோழி மடமடவென்று விழும். மோகன்குமார் ஓட்டமாக ஓடினான். ஓடும்போது சூப்பர்வைசர் தங்கமுத்துவின் கையில் போனைத் திணித்துவிட்டு ஓடினான்.

"இதுல எட்டுக் கோழி இருக்குது பாரு. தீனி வெச்சுட்டு, உள்ள இருக்கற பண்ணைக்காரனப் படுக்கையில படுக்கப் போடு. தானாச் சேமிச்சுக்கும். நல்லாப் பாத்துக்க!"

தங்கமுத்து இருபது வருச அனுபவம். பொறுப்பான மனுசன். பாத்துக்க என்று சொன்னால் பார்த்துக்கொள்வான். மோட்டாரைச் சரி பண்ணிவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து மோகன்குமார் திரும்பி வந்தபோது, தங்கமுத்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றான்.

"முடிஞ்சுதுங்க மொதலாளி. எல்லாம் தள்ளி உட்டாச்சுங்க."

"எதைத் தள்ளி உட்டே?"

"அந்த எட்டையுந்தானுங்க. வயசு போட்டிருந்துச்சு பாத்தனுங்க, நாலு வருசம்! நாலு வருசத்துக் கெழட்டுக் கோழிய எவனாச்சும் ஷெட்டுல வெச்சுத் தீனி போடுவானுங்களா? ஏவாரி ஒருத்தன் அதுக்குள்ளயே நின்னுட்டு இருந்தான். நல்ல வெல குடுத்தானுங்க. வித்துப்போட்டு, நீங்க சொன்ன மாதிரியே படுக்கப் போட்டுட்டனுங்க. ஷெட்டக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கலாம்னு பாத்தன், அதுக்குத்தானுங்க பட்டன் இல்ல."

மோகன்குமார் போனை வாங்கிப் பார்த்தான். கூண்டு காலி. வார்டன் இல்லை, உப்புமா இல்லை. மதி இல்லை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தான். என்னவென்று திட்டுவது? எண்பது வாரம் தாண்டி ஒரு கோழிகூட ஷெட்டில் நிற்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவனே இவன்தான். அந்த எழுத்துக்குக் கீழேதான் தங்கமுத்து நின்றுகொண்டிருந்தான். பாவம், நல்ல பேர் வாங்கின முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

அர்பாஸுக்குப் போன் போட்டான். "தெனமும் ஒண்ணு பிடிச்சு வைக்கச் சொன்னேனேண்ணே, வெச்சீங்களா?" என்று கேட்டான் அர்பாஸ். வைக்கவில்லை. "அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே" என்றான். மோகன்குமார் தீவன மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். வருசத்துக்கு இருபதாயிரம் கோழியை லாரியில் ஏற்றிக் கையைத் தட்டிவிட்டுப் போகிறவன், போனுக்குள் இருந்த எட்டுக் கோழிக்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். அழுது முடித்த பிறகு, காதுகுத்து போச்சே என்று நினைவு வந்து, அதற்கும் கொஞ்சம் அழுதான்.

மறுநாள் காலையில் இளம்பிள்ளைக்குப் போனான். சந்தோஷ்குமார் சேலைக் கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். வரும் வழியெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் மோகன்குமார் வாயில் வரவில்லை. சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து போனை நீட்டினான்.

"நாலு வருசம் முடிச்சனப்பா. எட்டுக்கும் பத்து இதயம். நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. தங்கமுத்து வித்துப்போட்டான். ரெக்கார்டு நோட்டு மழைக்குப் பயப்படும் மாப்ள, அதை எவன் வாங்கினானோ உள்ள அடைப்பானோ மாட்டானோ. மதி கதவத் தொறந்தா ஓடியாரும். நேத்துக் காலையிலகூட ஓடியாந்துச்சு. அதுக்கு என்ன தெரியும், விக்கப் போறாங்கன்னு? நீ காதுகுத்துக்கு வா, வராட்டிப் போ. நான் இப்ப அதுக்கு வரல. எனக்கு மனசே ஆறல. இதை வேற எவன்கிட்டச் சொன்னாலும் சிரிப்பானப்பா."

சந்தோஷ்குமார் சிரிக்கவில்லை. பார்சலைக் கீழே வைத்தான். காலிக் கூண்டை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அன்னிக்கு நானும் இப்படித்தான் இருந்தனுங்க மாமா. ஆனா நான் ஒண்ணும் அழுவல."

"அழுவலியா?"

"ஹாஸ்டல்ல இந்த மெசினெல்லாம் உடமாட்டாங்க. மாசத்துக்கு ஒருக்கா ஊட்டுக்கு வந்தா ரெண்டு நாளு ஆடுவேன். மத்த நாளெல்லாம் தீனி வெச்சுத் தடவிக் குடுத்தது ஆருன்னு நெனச்சீங்க? அக்காதான். ரெண்டு வருசம். கல்யாணத்தன்னிக்குக் காலையில, மண்டபத்துக்குக் கிளம்பறப்பக்கூட மருதாணிக் கையோட எட்டுக்கும் தீனி வெச்சுட்டுத்தான் வண்டி ஏறுனா. மதின்னு பேரு வெச்சதே, அது அக்காவோட கோழிங்கறதுக்குத்தான். நீங்க விருந்துக்கு வந்தன்னிக்கு, நீங்க தூங்குனதுக்கப்பறம் அக்கா ஆசையா மெசினத் தொறந்து பாத்தா. ஒரே ஒரு முள்ளங்கி நட்டிருந்துச்சு. பின்னால கெணத்தடிக்குப் போயி அப்படி அழுதா. நான் உங்களக் கேக்கறேன்னு கிளம்புனேன். என்ற வாயப் பொத்திட்டா. புது மாப்பிள்ளை, ஒண்ணும் கேட்டுடாதடான்னா."

மோகன்குமார் போனைத் திருப்பி வாங்கி, காலிக் கூண்டை மறுபடி பார்த்தான்.

"பதினோரு வருசமா நான் எனக்காகவா மொகத்தத் தூக்கி வெச்சிருந்தேன்? எட்டுக் கோழிய வளத்துப் பாத்தீங்கன்னாத்தான் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். வளத்துட்டீங்க. போதும்." சந்தோஷ்குமார் எழுந்து, பின்னால் அலமாரியைத் திறந்து காட்டினான். நித்யஸ்ரீக்குப் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, தங்கத் தோடு, சீர்த்தட்டுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் வாங்கி அடுக்கியிருந்தது. "நானு வராம இருப்பனுங்களா மாமா? என்ற அக்கா புள்ளைக்கு நான் மடி குடுக்காம ஆரு குடுப்பா?"

"அப்ப நாப்பது நாளு என்னப் போட்டு வாட்டுனயே!"

"வாட்டுனேன். அந்தத் தங்கமுத்து காதுகுத்துக்கு வாரானுங்களா?"

"வாரான்."

"அவனப் பந்தியில எனக்கு எட்டத்துல உக்கார வைங்க. சொல்லிப்போட்டேன்."

வைகாசி முகூர்த்தத்தில் குலதெய்வம் கோயிலில் கூட்டம் நெரிந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நித்யஸ்ரீ மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் கோயிலே அதிரக் கத்தினாள். இன்னொரு காதுக்கு மாமனின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாள். சந்தோஷ்குமார் வலியைப் பொறுத்துக்கொண்டு, "ஆச்சு சாமி, ஆச்சு சாமி" என்று ஆட்டிக்கொண்டிருந்தான். பந்தியின் அந்தக் கோடியில் தங்கமுத்து, என்ன தப்புப் பண்ணினோம் என்று கடைசிவரை விளங்காமல், இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மோகன்குமார் மனைவியின் பக்கத்தில் போய் நின்றான்.

"கெணத்தடியில அழுதயாமா. பதினோரு வருசத்துல ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே மதி?"

மதுமதி தம்பியை ஒரு முறை முறைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோழிக்காக அழுதேன்னு, கோழிப்பண்ணைக்காரருகிட்ட எப்படீங்க சொல்றது?"

இத்தனை சனம் நிற்கிற இடத்தில் மோகன்குமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.